கத்தியா, கரண்டா?

ஏனுங் தம்பி, அந்த மஞ்சப் பைலு கோயமுத்தூரு ஆஸ்பத்திரிதுங்களா? கலரைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சுங்க. எங்ககிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குது. அங்க முன்னால பாருங்க, ரெண்டாவது சீட்டுல, கிளிப்பச்சைச் சேலை. அதுதான் என்ற சம்சாரம், சாந்தாமணி. மடியில வெச்சிருக்கறது அதே பைலுதான். இன்னிக்கு மூணு மாசச் செக்கப்புங்க.

உங்கூட்டுல யாருக்குங்க? சம்சாரத்துக்கா. கெர்ப்பப்பை வாயிலயா. அட, நம்முளுதேதானுங்க. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சுன்னு சொன்னாங்கள்ல? அப்பறம் என்னத்துக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருக்கறீங்க? ஆப்பரேசன் பண்ணிக்கறீங்களா, கரண்டு வெச்சுக்கறீங்களான்னு கேட்டிருப்பாங்களே. கேட்டாங்களா? நெனச்சனுங்க. கதிர்வீச்சைத்தான் நம்ம சனங்க கரண்டு வெக்கறதும்பாங்க. தம்பி, இந்த பஸ்சுல அம்பது பேரு இருக்கறாங்க, நீங்க வந்து உக்காந்தது சரியான ஆளுகிட்ட. கத்தியையும் கரண்டையும் என்னை மாதிரி ஒப்பிட்டுப் பாத்தவன் இந்தக் காங்கயத்துலயே கெடையாதுங்க.

என்ற பேரு நாச்சிமுத்து. காங்கயத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கறேன். இருவத்தாறு வருசமாச்சு. கெணத்து மோட்டாரு, போரு மோட்டாரு, மாவு மில்லு மோட்டாரு, எது நின்னு போனாலும் எங்கிட்டத்தான் தூக்கிட்டு வருவாங்க. காதை வெச்சுக் கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிப்போடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லலீங்க, ஊருல கேட்டுப் பாருங்க.

ஆனா ஊட்டுக்குள்ள இருந்த கோளாறு என்ற காதுல உழுகலீங்க. அதைச் சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்குது. தீட்டு நாளு இல்லாத நாள்லயும் ரத்தம் படுதுன்னு சாந்தாமணி மூணு தடவை சொன்னா. சூடா இருக்கும், எளநி குடின்னு மூணு தடவையும் சொன்னேன். எளநியும் நானேதான் வாங்கியாந்தேன், அதுல ஒண்ணும் கொறை வெக்கல. கடேசில பஞ்சாயத்து ஆபீசுல பொம்பளைங்களுக்குன்னு ஒரு கேம்ப் போட்டாங்க. எங்கிட்டச் சொல்லாமயே போயிட்டு வந்துட்டா. அதுல கண்டுபிடிச்சதுதானுங்க. நானு வாங்கிக் குடுத்த எளநிய நம்பீட்டு இருந்திருந்தா இன்னிக்கு அவ அந்த சீட்டுல உக்காந்திருக்க மாட்டா.

சரி, அது கெடக்கட்டும். கோயமுத்தூருல டாக்டரம்மா எல்லாப் படமும் பாத்துட்டு, சின்னக் கட்டிதான், வேற எங்கயும் பரவலைன்னாங்க. அப்பறம் சாந்தாமணியப் பாத்து, "அம்மா, உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஆப்பரேசனும் பண்ணலாம், கதிர்வீச்சும் கொடுக்கலாம். உங்க கட்டி இருக்கற நிலைமைக்கு, குணமாகறதுல ரெண்டும் ஒண்ணுதான். கஷ்டம்தான் வேற வேற. உங்களுக்கு எது தோதுப்படும்?"னு கேட்டாங்க.

அவ என்னத்தைச் சொல்லுவா, பாவம். நாந்தான் சொன்னேன், "யோசிச்சுச் சொல்றமுங்க"ன்னு.

டாக்டரம்மா திரும்பவும் அவளைப் பாத்தேதான் பேசறாங்க. எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுட்டாங்களோ என்னமோ. ஆப்பரேசன்னா கெர்ப்பப்பையவும் சுத்தி இருக்கறதையும் எடுத்துடுவாங்களாம். ஒரு வாரம் பெட்டுல, கொஞ்ச நாளைக்கு ஒண்ணுக்குப் போக டியூப்பு, ஊட்டுக்கு வந்தும் ஒண்ணரை மாசம் குடத்தைத் தூக்கக் கூடாதாம். எடுத்ததை டெஸ்ட் பண்ணிப் பாத்து, நெறிக்கட்டுல எதாச்சும் ஒட்டீட்டு இருந்தா அதுக்கு மேல கரண்டும் வெக்கோணுமாம். கரண்டுன்னா வாரத்துக்கு அஞ்சு நாளு, அஞ்சு வாரம் போயிட்டு வரோணும். அப்பறம் கருவியை உள்ளாற வெச்சுக் கரண்டு குடுக்கறது நாலு தடவை. வகுறு போகும், ஒண்ணுக்குப் போனா எரியும், அசதி இருக்கும். தீட்டு நின்னு போகும். பின்னால புருசன் பொண்டாட்டிக்குள்ள கொஞ்சம் செரமம் இருக்கும், அதுக்கும் வழி சொல்லித் தருவோம்னாங்க. நான் செவுத்துல இருந்த காலண்டரைப் பாத்துட்டு உக்காந்திருந்தனுங்க. சாந்தாமணிதான் கண்ணை எடுக்காமக் கேட்டுட்டிருந்தா.

"ரெண்டு வாரத்துக்குள்ள முடிவு சொல்லுங்க, தள்ளிப் போடாதீங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. ரெண்டும் ஒண்ணுன்னா என்னங்க அர்த்தம்? இருவத்தாறு வருசத்துல ஒரே கம்பெனி, ஒரே எச்.பி. மோட்டாரு ரெண்டு ஒரே மாதிரி ஓடி நான் பாத்ததில்லை. எதோ ஒண்ணு எச்சா இருக்கோணும், எதோ ஒண்ணு கம்மியா இருக்கோணும். டாக்டரம்மா நம்ம தலையில கட்டறாங்க, நாமதான் கண்டுபிடிக்கோணும்னு நெனச்சேன்.

அன்னிக்குப் பொழுதோடயே ஒரு நோட்டு வாங்கினேன். நடுவுல கோடு போட்டு இந்தப் பக்கம் கத்தி, அந்தப் பக்கம் கரண்டு. நம்ம கட்சி கத்திங்க. எதையுமே கழட்டாம ரிப்பேரு பண்ண முடியாதுங்கறது என்ற கொள்கை. கழட்டுனமா, கெட்டதை எடுத்தமா, மூடுனமான்னு இருக்கோணும். அப்பறம் கரண்டைப் பத்தி எங்கிட்டவா சொல்றது? நான் வாங்காத ஷாக்கா? அதுக்காக ஒருதலையா முடிவு பண்ணக் கூடாதுன்னு நாலு பேருத்தைக் கேட்டேன்.

நாலு பேரு பதினேழு பேரு ஆயிட்டாங்க. என்ற மச்சான் தொரைசாமி, சாந்தாமணிக்கு அண்ணன், கோழித்தீவனக் கடை வெச்சிருக்கறாரு. அவரு ஆப்பரேசன். என்ற அக்கா ருக்குமணி கரண்டு. என்னத்துக்குக் கரண்டுன்னா, தொரைசாமி ஆப்பரேசன்னு சொல்லிட்டாராம், அதனால. அவிய ரெண்டு பேருத்துக்கும் எங்க கண்ணாலத்துப் பந்தியில இருந்தே ஆகாதுங்க. டீக்கடையில பாதிப்பாதி. ஒருத்தரு, கரண்டு வெச்சா ஊட்டு ஆளுங்க பக்கத்துல போகப்படாதுன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, எத்தனை வோல்ட்டு வருதுங்கன்னு கேட்டனுங்க. அந்த நர்சம்மா சிரிச்சுட்டே, "இது ஒயரு கரண்டு இல்லீங்க ஐயா, வெளிய இருந்து குடுக்கற கதிருல ஒடம்புல ஒண்ணும் தங்காது, தாராளமாப் பக்கத்துல உக்காரலாம்"னு சொன்னாங்க. அதையும் நோட்டுல எழுதிக்கிட்டேன்.

தெனமும் பொழுதோட எங்கூட்டு வாசல்ல சேரு போட்டுப் பேச்சுதான். சாந்தாமணி எல்லாருக்கும் டீ வெச்சுக் குடுத்தா. ஒரு நாளு டம்ளரை எடுக்க வந்தவ, "ஏனுங், நானு என்ன நெனக்கறேன்னா..."ன்னு ஆரம்பிச்சா. "சித்தெ இரு சாந்தாமணி, உன்ற விசயமாத்தான் முக்கியமாப் பேசிட்டிருக்கறோம்"னு சொன்னேன். சரிங்கன்னு போயிட்டா. அவளைப் பத்தி ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. ஒரு விசயத்துல குறுக்க வர மாட்டா.

நாளு போயிட்டே இருந்துச்சு. கத்திக்கு எட்டு, கரண்டுக்கு எட்டு. பதினேழாவது ஆளு என்ற பட்டறையில வேலை செய்யற பொன்னுச்சாமி. "அக்காளையே கேட்டுப் பாருங்கண்ணா"ன்னான். அது ஓட்டுலயே சேத்தியில்லைன்னு அடிச்சுட்டேன். பத்தாம் நாளு, முடிவு என்னாச்சுன்னு ஆஸ்பத்திரில இருந்து போனு. பன்னெண்டாம் நாளு எனக்குத் தூக்கமே போச்சுங்க. தப்பா முடிவு பண்ணி அவளுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? படுத்தா அந்தக் கோடு போட்ட நோட்டுதான் கண்ணுல நிக்குது. நெஜமாச் சொல்றேன் தம்பி, அவ இல்லாம எனக்கு ஒரு நாளு ஓடாது. அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை, அவகிட்டயும் சொன்னதில்லை.

அப்பத்தான் ருக்குமணி அக்கா சொன்னா, "அட, மாரியாத்தா கோயல்ல பூவாக்குக் கேட்டுட்டாப் போச்சு"ன்னு. உங்களுக்கு எந்தூருங்க, வெள்ளகோயலா? அந்தப் பக்கமும் கேப்பீங்கள்ல? பொண்ணு பாக்கறதுக்கு, போரு போடறதுக்கு எல்லாம் கேக்கறதுதானுங்களே. வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், செவப்புப் பூ ஒரு பொட்டணம், ஆத்தா காலடில போட்டுப் பூசாரி ஒண்ணை எடுப்பாரு. வெள்ளை வந்தா ஆப்பரேசன், செவப்பு வந்தா கரண்டுன்னு வெச்சேன். வெள்ளைதான் நல்ல வாக்குன்னு சொல்லுவாங்க, அதனால அதை ஆப்பரேசனுக்கு வெச்சேன். நான் பாரபட்சமாப் பண்ணலீங்க, எதோ ஒண்ணுக்கு வெச்சுத்தான ஆகோணும்.

சாந்தாமணிக்கு அன்னிக்கு ஒரு சுறுசுறுப்பு பாக்கோணுமே! வெள்ளெனவே தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு, "நீங்க கிரீசுக் கையில தொட வேண்டாமுங், பொட்டணத்தை நானே கட்டீர்றேன்"னு சொல்லி உள்ளாற போயிக் கதவைச் சாத்திட்டா. நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாங்கிக் குடுத்திருந்தேன். வாழையெலையில ரெண்டு பொட்டணம், ரெண்டும் அச்சு மாறாம ஒரே அளவு. பூசாரி தட்டுல போட்டு ஆட்டி, ஆத்தா காலடில வெச்சு, கண்ணை மூடி ஒண்ணை எடுத்தாரு. பிரிச்சா செவப்பு.

எனக்குச் சப்புன்னு ஆயிருச்சுங்க. "இன்னொருக்காக் கேப்பமுங்களா?"ன்னேன். சாந்தாமணி அப்பிடி மொறைச்சு நான் பாத்ததே இல்லை. "ஆத்தாகிட்ட ஒருக்காத்தான் கேக்கோணும்"னு சொல்லிட்டா. சரின்னு உட்டுட்டேன். ஆனா மிச்சமிருந்த பொட்டணத்தைச் சட்டைச் சோப்புல போட்டுட்டு வந்தேன் பாருங்க, அதுலதான் அதிசயமே. பட்டறைக்கு வந்து பிரிச்சுப் பாத்தா, அதுலயும் செவப்புங்க! செவ்வரளி! நான் வாங்கிக் குடுத்த நந்தியாவட்டை என்னாச்சு? ஆத்தாளே மாத்திப்போட்டா! எதை எடுத்தாலும் கரண்டுதான், இதுல பேச்சே கெடையாதுன்னு கட்டு அண்டு ரைட்டாச் சொல்லிட்டா பாத்துக்குங்க.

ஊட்டுக்கு ஓடி வந்து சாந்தாமணிகிட்டச் சொன்னேன். அவ முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டுத் தோளெல்லாம் குலுங்குது, கண்ணுல பொலபொலன்னு தண்ணி. பக்தின்னா அதுங்க. ஊரு முச்சூடும் சொல்லிட்டேன். இப்ப வெள்ளிக்கெழமையில அந்தக் கோயல்ல நிக்க எடமில்லை. பூசாரி என்னைக் கண்டா எந்திரிச்சு நிக்கறாரு.

அதைவிட அதிசயம் கேளுங்க. மறுநாளு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கரண்டுதானுங்க, முடிவு பண்ணிட்டோம்னு சொல்றேன். அந்த நர்சம்மா, "சாந்தாமணிதானுங்களே? அவங்க போன வாரமே போன் பண்ணிச் சொல்லிட்டாங்களே, திங்கக்கெழமைக்குத் தேதி போட்டாச்சு"ங்கறாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. யாரு குரல்ல யாரு பேசுனதுன்னு நெனச்சுப் பாருங்க!

அப்பறம் அஞ்சு வாரம். மொத நாளு நானும் போனேன். கனமா ஒரு கதவுங்க, ஒரு மொழம் இருக்கும். அவ உள்ளாற போனா, கதவு சாத்திருச்சு. மேல செவப்பு லைட்டு எரியுது. நானும் வர்றேன்னு கேட்டதுக்கு, யாருமே இருக்கப்படாதுன்னுட்டாங்க. பத்து நிமிசந்தான். அந்தப் பத்து நிமிசம் எனக்கு உசுரே இல்லைங்க. அவ வெளிய வந்து, "வலியே இல்லீங், போட்டோ புடிக்கற மாதிரிதான்"னா. நான் மூஞ்சி கழுவப் போறேன்னு போயி வண்டி நிறுத்தற எடத்துக்குப் பின்னால நின்னு அழுதுட்டு வந்தனுங்க.

ரெண்டாவது வாரத்துல இருந்து, நீங்க பட்டறையைப் பாருங்கன்னு சொல்லிட்டா. அங்க கரண்டுக்கு வர்ற தாராபுரத்துக்காரம்மா ஒருத்தங்க, பல்லடத்துக்காரம்மா ஒருத்தங்க, மூணு பேரும் சோடி சேந்துட்டாங்க. லேசாச் சொல்லிடக் கூடாதுங்க, நாலாவது வாரம் நெம்பச் சோந்துட்டா. வகுறு நிக்காமப் போச்சு. மோருஞ்சோறுதான். நானே ரசம் வெச்சேன், மோரே பரவால்லைன்னுட்டா. உள்ளாற வெச்சுக் குடுத்தாங்க பாருங்க நாலு தடவை, அந்த நாளெல்லாம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. நான் நோட்டைப் பாத்து, ஆப்பரேசன்னா இந்நேரம் என்னென்ன கஷ்டம் வந்திருக்கும்னு ஒண்ணொண்ணாப் படிச்சுக் காட்டி ஆறுதல் சொல்லுவேன். சீக்கிரமே தூங்கிருவா.

முடிஞ்சுதுங்க. இன்னிக்கு டாக்டரம்மா பாத்துட்டு என்ன சொல்றாங்களோன்னு எனக்குத்தான் திக்கு திக்குன்னு இருக்குது. அவ சன்னலுக்கு வெளிய வேடிக்கை பாத்துட்டு வர்றா.

பல்லடம் வந்தாச்சு. என்ற கதையே பேசிட்டேன், உங்க விசயம் சொல்லுங்க. ஆப்பரேசன்னு முடிவு பண்ணிட்டீங்களா? பரவால்லை, அதுவும் நல்லதுதானுங்க. யாரு முடிவு பண்ணுனது? நீங்களும், அண்ணனும், மாமனாருமா. மூணு பேரு போதுங்களா? என்னமோ. அதைச் சொல்லத்தான் இன்னிக்குப் போறீங்களா? சம்சாரம் வரலீங்களா? ஊட்டுல இருக்கறாங்களா. எது சொன்னாலும் சரிம்பாங்களா. குடுத்து வெச்சிருக்கோணும் தம்பி. எங்கூட்டுலயும் அப்பிடித்தான்.

என்ன சாந்தாமணி, ஏன் எந்திரிச்சு வர்றே? கம்பியப் புடி, பஸ்சு ஓடுது. நான் பேசறது பஸ்சு முச்சூடும் கேக்குதா? கேக்கட்டுமே, நல்ல விசயந்தான. என்னது, இவரு சம்சாரத்து போன் நம்பரா? அது என்னத்துக்கு உனக்கு? தம்பி, குடுத்துருங்க. அவ ஒண்ணு கேட்டா வாங்காம உட மாட்டா. அது எனக்குத் தெரியும்.

பாருங்க, இங்கயே நின்னுட்டுப் போன் அடிக்கறா.

"ஏனுங் அம்மிணி, நானு காங்கயத்துச் சாந்தாமணிங். உங்கூட்டுக்காரரு எங்க பஸ்சுலதான் இருக்கறாரு. பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கறாரு. எனக்கும் உங்களுக்கு வந்ததேதானுங். மூணு மாசத்துக்கு முன்னால கரண்டு முடிஞ்சுது. இல்லீங், இதைப் பண்ணுங்க அதைப் பண்ணுங்கன்னு சொல்லக் கூப்புடலீங். உங்களுக்கு எதுங் பயமா இருக்குது?"

பயமா? தம்பி, அப்பிடி ஒரு கேள்வி என்ற நோட்டுலயே இல்லீங்களே.

"எனக்குங்களா? எனக்குப் படுத்த படுக்கையாக் கெடந்து, டியூப்பை மாட்டிட்டு, ஒவ்வொண்ணுக்கும் இன்னொருத்தரு கையப் பாத்துட்டு இருக்கறதுதாங் பயம். அதுலயும் பதினேழு ஒறம்பரை ஹார்லிக்ஸ் பாட்டலோட வந்து சுத்தி உக்காந்தாங்கன்னா சீக்கே தேவலாமுங். அதனால அஞ்சு வாரம் ஆனாலும் சரி, நடந்து போயி நடந்து வந்தர்றேன்னு நெனச்சேன். அது எனக்குங். உங்களுக்கு ஒரே மூச்சுல எடுத்து எறிஞ்சாத்தான் நிம்மதின்னா ஆப்பரேசனே பண்ணிக்குங்க. சும்மா சொல்லுங்க, எனக்கு நேரம் இருக்குது."

கேட்டீங்களா தம்பி? படுத்துக் கெடக்கறதுன்னா பயமாம். இருவத்திமூணு வருசம் ஒரே ஊட்டுல இருக்கறோம். எனக்கு இது தெரியாதுங்க.

அங்க போயி எங்கயாச்சும் உக்காரச் சொல்லுங்க அவளை. சரி, அவளே போயிட்டா.

சூலூரு தாண்டியாச்சுங்களா? இன்னும் போனை வெக்கலையே. இவ வாயே தொறக்கலீங்க, வெறும் "ம்... ம்..."னு கேட்டுட்டிருக்கறா. அந்தப் பக்கம் உங்க சம்சாரந்தான் பேசிட்டிருக்கறாங்க. எது சொன்னாலும் சரிம்பாங்கன்னீங்களே, பல்லடத்துல ஆரம்பிச்சவங்க இன்னும் நிறுத்தலை. ஏனுங் தம்பி, அவங்ககிட்ட இத்தனை பேச்சு இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?

தெரியாதா.

எந்திரிங்க. போயி அவ பக்கத்துல நின்னு, என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. போங்க, வெக்கப்படாதீங்க.

இருங்க, நானும் வர்றனுங்க.